விளக்கெண்ணெய்

அத்தியாயம் பதின்மூன்று

ஆரணன் ஐந்து நாட்களாகப் போகவில்லை. எங்கே போகவில்லை என்று கேட்கிறவர்கள் கைக்குழந்தை இல்லாத வீட்டில் இருப்பவர்கள். கொடுத்து வைத்தவர்கள்.

ஏழரை மாதப் பிள்ளை. சிரிக்கிறான், குப்புற விழுந்து நீந்துகிறான், கையில் அகப்பட்டதை எல்லாம் வாயில் வைக்கிறான். அந்த ஒரு காரியம் மட்டும் நடப்பதில்லை. முகம் சிவக்க முக்குவான், காலை வயிற்றோடு மடக்குவான், வீறிட்டு அழுவான், பிறகு களைத்துப்போய்த் தூங்கிவிடுவான். கடைசியாகப் போனதும் ஆட்டுப் புழுக்கை மாதிரி இரண்டு மூன்றுதான். அதற்கும் அரை மணி நேர அழுகை.

கட்டம்பேயில் இருக்கும் அந்த மாடி வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு சுருக்கம். நிரஞ்சனி கலஹாத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, படித்து, கண்டி நகரில் ஓர் அரச அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறாள். சிங்களத்தில் வரும் கடிதத்தைத் தமிழாக்குவது அவள் வேலை. கணவன் தர்சன் யாழ்ப்பாணத்துக் கரவெட்டிக்காரன், கம்பளையில் தொழில்நுட்ப உத்தியோகத்தன். பிள்ளையைப் பகலில் பார்த்துக்கொள்ள ஐந்து வாரத்துக்கு முன் ஊரிலிருந்து வந்திருப்பவள் தர்சனின் அக்கா வதனா. இவர்களுடைய கல்யாணத்துக்கு வராத அதே அக்காதான்.

போன வாரம் நடந்ததும் நினைவிருக்கும். கலஹாவிலிருந்து நிரஞ்சனியின் அண்ணி இரத்தினம்மா பிள்ளைக்கு உரைமருந்து கொண்டு வந்தாள். அவள் படியிறங்கிப் போகும்வரை வதனா பொறுத்திருந்தாள். பிறகு, "உந்தத் தோட்டத்து வைத்தியமெல்லாம் எங்கட பிள்ளைக்குச் சரிவராது" என்றாள். தோட்டம் என்ற சொல்லை நிரஞ்சனி வாழ்நாளெல்லாம் கேட்டுப் பழகியவள். அவளைத் தைத்தது 'எங்கட' என்ற சொல். மூன்று நாள் அவள் வதனாவோடு பேசவில்லை. நான்காம் நாளிலிருந்து பால், நாப்கின், தூக்கம் என்று அளந்து பேசினாள்.

அளந்தாவது பேசித்தான் ஆகவேண்டும். விடுமுறை எல்லாம் தீர்ந்துவிட்டது, வேலையும் இன்னும் நிரந்தரமாகவில்லை. பக்கத்துப் பிள்ளை பராமரிப்பு நிலையத்தில் ஒரு வயது முடியாமல் எடுக்கமாட்டார்கள். இரத்தினம்மா தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் போகிறவள், அவளால் வந்து நிற்க முடியாது. வதனா பெட்டியைத் தூக்கினால் நிரஞ்சனி வேலையை விடவேண்டும். இது இருவருக்கும் தெரியும், இருவரும் அதைப் பற்றி வாயே திறப்பதில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி. தர்சன் ஆறரைக்கே கம்பளைக்குப் போய்விட்டான். ஆரணன் முக்கி முக்கி அழுதான். நிரஞ்சனி சேலையைச் செருகியபடியே கலஹாவுக்குப் போன் எடுத்தாள்.

"அஞ்சு நாளா? ஏன் புள்ள இம்புட்டு நாள் வச்சுக்கிட்டு இருந்த?" என்றாள் இரத்தினம்மா. "வெளக்கெண்ண இருக்குல்ல? லேசா சூடு காட்டி அரக் கரண்டி குடு. எங்க மூணுக்கும் அதான் குடுத்தோம். பெரட்டுல பேரு கூப்பிடுற நேரமாச்சு, வைக்கிறேன்."

நிரஞ்சனிக்கும் நேரமாகிவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டே உள்ளே பார்த்துச் சொன்னாள்.

"அக்கா, விளக்கெண்ணெய் லேசா சூடாக்கி அரை டீஸ்பூன் குடுத்துப் பாருங்க."

வதனா பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். "உமக்குச் சரியெண்டு படுதோ?"

"சரின்னு தோணுறதுனாலதான சொல்றேன்."

வதனா பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றினாள். பிறகு, "ஓம். வீட்டிலை இருக்கோ?" என்றாள்.

"தட்டுல இருக்கு."

நிரஞ்சனி பஸ்ஸுக்கு ஓடினாள். பஸ் கிடைத்தது, இடமும் கிடைத்தது. அன்றைக்கு அவளுக்கு நடந்த நல்லது அது ஒன்றுதான்.

பதினொரு மணிக்கு அலுவலக நடைபாதையில் நின்று வீட்டுக்கு எடுத்தாள்.

"போனானா அக்கா?"

"இன்னும் இல்லை. பத்து மணிபோலத்தான் குடுத்தனான். குடிக்கேக்கை கொஞ்சம் புரைக்கேறினது. இப்ப படுத்திருக்கிறான்."

"அண்ணி மருந்தோட கொண்டாந்த பச்சைப் போத்தல்ல எண்ணெய் இன்னும் மிச்சம் இருக்கா? இல்லன்னா வரும்போது வாங்கிட்டு வர்றேன்."

"பச்சைப் போத்தல் ஒண்டும் நான் காணேல்லை. இது பெரிய போத்தல். மஞ்சள் மூடி."

"மஞ்சள் மூடியா?"

"சாமித்தட்டிலை இருந்தது. தட்டிலை இருக்கெண்டுதானே சொன்னனீர்."

நிரஞ்சனி போனை மறு காதுக்கு மாற்றினாள். "அக்கா, அது விளக்குக்கு ஊத்துறது."

"ஓம், விளக்கெண்ணெய்" என்றாள் வதனா. பிறகு அவள் குரலும் இறங்கியது. "நீர் அதைத்தானே சொன்னனீர்?"

கலஹாவில் விளக்கெண்ணெய் என்றால் ஆமணக்கு விதையிலிருந்து எடுக்கிற எண்ணெய். கரவெட்டியில் அதற்குப் பெயர் ஆமணக்கெண்ணெய். அங்கே விளக்கெண்ணெய் என்றால் சாமிக்கு விளக்கேற்றுகிற எண்ணெய், வேறொன்றும் இல்லை. நிரஞ்சனி சொன்ன தட்டு சமையலறைச் சுவரில் இருக்கும் தட்டு. வதனாவுக்கு வெள்ளிக்கிழமை காலையில் விளக்கெண்ணெய் இருக்கும் தட்டு ஒன்றே ஒன்றுதான். சிங்களத்தைத் தமிழாக்கிச் சம்பளம் வாங்குகிறவளுக்குத் தமிழைத் தமிழாக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

பக்கத்து மேசை ஸுமைரா எட்டிப் பார்த்தாள். "என்ன நடந்த? மொகமெல்லாம் வெளிறிப் போயிருக்கு."

நிரஞ்சனி இரண்டு வாக்கியத்தில் சொன்னாள். ஸுமைரா அவளுடைய கைப்பையை எடுத்துக் கையில் கொடுத்தாள். "போங்கோ. லீவெண்டு சேருக்கு நான் சொல்லிக்கொள்றேன். அந்தப் போத்தலையும் மறக்காம எடுத்துக்கொண்டு போங்கோ."

முச்சக்கரவண்டி கட்டம்பேக்கு வந்தபோது வதனா பிள்ளையோடு வாசலில் நின்றாள். போத்தலை ஒரு துவாயில் சுற்றி வைத்திருந்தாள். அவளுக்குச் சிங்களம் தெரியாது, ஊரும் பழக்கமில்லை. தெரிந்திருந்தால் தானே தூக்கிக்கொண்டு போயிருப்பாள் என்பது அவள் நின்ற நிலையில் தெரிந்தது. பேராதனைவரை இருவரும் பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். ஆரணன் மட்டும் வண்டியின் குலுக்கத்தை ரசித்துக்கொண்டு வந்தான்.

சிறுவர் ஆஸ்பத்திரியில் டொக்டர் இளம்பெண், சிங்களத்தி. என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டாள். நிரஞ்சனி போத்தலை நீட்டினாள். 'விளக்கேற்ற மட்டும்' என்று அதில் மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. சாமிக்கு ஊற்றும்போது அதையெல்லாம் யார் வாசிக்கிறார்கள்.

"எண்டரு தெல் கொடுக்கச் சொன்னேன், பஹன் தெல் கொடுத்துவிட்டார்கள்" என்று நிரஞ்சனி சிங்களத்தில் விளக்கினாள். ஆமணக்குக்கு ஒரு பெயர், விளக்குக்கு ஒரு பெயர். சிங்களத்தில் இரண்டு சொல்லோடு காரியம் முடிந்துவிட்டது. இரண்டு தமிழச்சிகள் காலையில் சிங்களத்தில் பேசியிருந்தால் இந்த ஆஸ்பத்திரிப் பயணமே இருந்திருக்காது.

டொக்டர் பிள்ளையின் நெஞ்சிலும் முதுகிலும் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டாள். இருமினானா, வாந்தி எடுத்தானா, மூச்சு வாங்கினானா என்று விசாரித்தாள். டொக்டர் அடுத்துச் சொன்னதைத் தாதி றலியா வதனாவுக்காகத் தமிழில் சொன்னாள்.

"எண்ணெ புரையேறி நெஞ்சுக்குள்ள போயிருந்தா ஒடனே தெரியாது, பொறகுதான் மூச்சு முட்டும். அதனால பின்னேரம் வரைக்கும் புள்ளய இங்க வச்சிப் பார்க்கணும்."

"ஆமணக்கெண்ணெய் குடுத்திருந்தா சரியாகியிருக்கும்தானே?" என்று நிரஞ்சனி கேட்டாள். குரலில் கொஞ்சம் நியாயம் தேடும் அவசரம் இருந்தது.

டொக்டர் இல்லையென்று தலையாட்டினாள். இந்த வயதில் அதுவும் கூடாது, வயிற்றைப் புரட்டிப் பிடுங்கிப் பிள்ளையை வாட்டிவிடும். பிறகு பேனையை எடுத்துக்கொண்டு பால் எப்படிக் கரைக்கிறீர்கள் என்று கேட்டாள்.

"காலையிலயும் ராத்திரியும் தாய்ப்பால். பகல்ல பால்மா. ஆறு அவுன்ஸ் தண்ணிக்கு ஆறு கரண்டி" என்றாள் நிரஞ்சனி.

றலியா அதைச் சிங்களத்தில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வதனா சொன்னாள்.

"எட்டு."

நிரஞ்சனி திரும்பிப் பார்த்தாள்.

"பிள்ளைக்கு நிறை காணாதெண்டு மூண்டு கிழமைக்கு முதல் கிளினிக்கிலை சொன்னவை. என்ரை கையிலை வந்து மெலிஞ்சுபோனான் எண்டு ஒருத்தரும் சொல்லக்கூடாதெண்டு ரெண்டு கூடப் போட்டனான். குவிச்சுத்தான் போட்டனான்." வதனா இதை டொக்டரைப் பார்த்தே சொன்னாள், நிரஞ்சனியைப் பார்க்கவில்லை.

டொக்டர் கோபப்படவில்லை. ஒரு நாளைக்கு நான்கு பேர் இதையே சொல்வார்கள் போலிருந்தது. அவள் சொல்லச் சொல்ல றலியா தமிழில் சொன்னாள்.

"பால்மா கூடினா தண்ணி பத்தாது, அப்ப மலம் இறுகும். டின்ல போட்டிருக்கிற கணக்குத்தான் கணக்கு. கரண்டிய கத்தியால மட்டமா வழிச்சிப் போடணும். சாப்பாடு என்ன குடுக்கிறீங்க?"

"சோறு, கரட். பின்னேரம் ரஸ்க் பாலிலை ஊறவைச்சு" என்றாள் வதனா.

"தண்ணி?"

"தண்ணி குடுக்கக் கூடாதெண்டல்லோ சொன்னவை."

"அது ஆறு மாசம் மட்டும். இப்ப சாப்பாட்டோட கொதிச்சாறின தண்ணி ரெண்டு மூணு மெடறு குடுக்கலாம். கரட்ட கொஞ்சம் நிப்பாட்டிட்டு பப்பாசிப் பழம், கீர, பூசணி மசிச்சிக் குடுங்க. நல்லாப் பழுத்த வாழப்பழமும் குடுக்கலாம். இளஞ்சூட்டுத் தண்ணில குளிப்பாட்டி, வயித்த வலப்பக்கமா தடவி, ரெண்டு காலையும் பிடிச்சி சைக்கிள் ஓட்டுறாப்போல மடக்கி நீட்டுங்க. மேலால எண்ணெயும் வாணாம், கீழால சவுக்காரமும் வெத்திலக் காம்பும் வாணாம். வயிறு வீங்கினா, வாந்தி எடுத்தா, ரத்தம் கண்டா ஒடனே தூக்கிக்கொண்டு வந்துருங்க."

வதனா உதட்டை அசைத்து ஒவ்வொன்றாய்த் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். பப்பாசி, கீரை, பூசணி. ஐம்பது வயதில் பரீட்சைக்குப் படிக்கிறவள் மாதிரி இருந்தது. நிரஞ்சனிக்கு அதைப் பார்க்கக் கோபம்தான் வந்தது. எட்டுக் கரண்டி, மூன்று கிழமை, ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இரண்டு மணிக்குத் தர்சன் வந்தான். கம்பளையிலிருந்து பஸ்ஸில் நின்றபடியே வந்தவனுக்குச் சட்டையெல்லாம் வியர்வை. முதலில் பிள்ளையைப் பார்த்தான். பிள்ளை அவனைப் பார்த்துச் சிரித்தான். பிறகுதான் அவனுக்குக் கோபம் வரத் தைரியம் வந்தது.

"ஆர் குடுத்தது?"

"நான்" என்றாள் வதனா.

"அக்கா, உங்களுக்கென்ன விசரோ? விளக்குக்கு விடுற எண்ணெயை ஆரும் பிள்ளைக்குப் பருக்குவினமோ?"

வதனா குனிந்து பிள்ளையின் வாயைத் துடைத்தாள். நிரஞ்சனி பேசியிருக்க வேண்டிய இடம் இது. அவள் பேசவில்லை. உள்ளதைச் சொன்னால், பழி வேறொரு பக்கம் போவது அந்த நேரம் அவளுக்கு ஆறுதலாகவே இருந்தது.

"எண்ணெய் குடுக்கச் சொல்லி இந்த யோசினை ஆரின்ரை?" என்று தர்சன் அடுத்ததாகக் கேட்டான்.

"அண்ணிதான் சொன்னாங்க" என்றாள் நிரஞ்சனி.

தர்சன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

கட்டிலருகே இரண்டு பெண்களும் பிள்ளையும் மிச்சம். ஆரணன் வதனாவின் மடியில் கிடந்து அவளுடைய சங்கிலியைச் சப்பிக்கொண்டிருந்தான். நிரஞ்சனியால் அடக்க முடியவில்லை.

"உங்களுக்குத்தான் இந்த வைத்தியமெல்லாம் பிடிக்காதே. வேணாம்னு சொல்லியிருக்கலாம்ல? ஏன் குடுத்தீங்க?"

வதனா சங்கிலியைப் பிள்ளையின் வாயிலிருந்து மெல்ல எடுத்தாள்.

"போன கிழமை வேண்டாமெண்டு சொன்னனான். மூண்டு நாள் நீர் என்னோடை கதைக்கேல்லை" என்றாள். "அந்த எண்ணெயை மணந்து பாக்கேக்கை எனக்கே ஒரு மாதிரித்தான் இருந்தது. திரும்பவும் நான் மறிச்சால் உம்மடை ஆக்களை இளக்காரமாப் பாக்கிறன் எண்டு நினைப்பீர். அதுதான் குடுத்தனான்."

நிரஞ்சனிக்கு வெட்கமாக இருந்தது. அவளைச் சமாதானப்படுத்துவதற்காக ஒருத்தி தன் அறிவை ஒதுக்கிவைத்துவிட்டுக் கரண்டியை எடுத்திருக்கிறாள். காலையில் "உமக்குச் சரியெண்டு படுதோ" என்று கேட்டபோது ஒரு நிமிடம் நின்று பதில் சொல்லியிருந்தால் போதும்.

மூன்றரை மணிக்கு டொக்டர் இன்னொரு தடவை நெஞ்சைச் சோதித்தாள். சுத்தமாக இருக்கிறது என்றாள். றலியா சிறிய கிளிசரின் மருந்தொன்றை ஆசனவாயில் வைத்துவிட்டு, இதைப் பார்த்து வீட்டில் நீங்களாகச் செய்யக்கூடாது என்று இருவரையும் எச்சரித்தாள். பத்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நடந்தது. ஐந்து நாள் கணக்கும் ஒரேயடியாகத் தீர்ந்தது. நாப்கினுக்குள் அடங்காமல் வதனாவின் சேலைக்கும் பங்கு போனது. பக்கத்துக் கட்டில் தாய் மூக்கைப் பொத்திக்கொண்டு வாழ்த்துச் சொன்னாள். வதனா அழுதாள், அழுதபடியே சிரித்தாள். ஆரணன் தான் செய்ததைப் பற்றி எந்தக் கருத்தும் இல்லாமல் தூங்கிப்போனான்.

ஆறு மணிக்கு வீடு. வதனா குளித்துவிட்டு வந்து தன் பெட்டியைக் கட்டிலில் தூக்கி வைத்தாள். ஒருவரும் அவளைப் போகச் சொல்லவில்லை. ஆனால் தர்சன் கதவருகில் வந்து நின்று, நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"ஞாயிற்றுக்கிழமை யாழ்ப்பாண பஸ்ஸிலை இடம் போட்டிட்டன் அக்கா. நீங்கள் கொஞ்ச நாள் ஊரிலை போய் நில்லுங்கோ."

"ஓம்" என்றாள் வதனா. சேலையொன்றை மடித்து உள்ளே வைத்தாள்.

நிரஞ்சனி பிள்ளையோடு வந்தாள். "எத்தனை எடம் போட்டீங்க?"

"ஒண்டு. அக்காவுக்கு."

"இன்னொன்னும் போடுங்க."

"ஏன்?"

"அண்ணி சொன்னாங்கன்னு ஆஸ்பத்திரில சொன்னேன்ல, அது பாதிதான். அண்ணி கலஹால இருந்து எங்கிட்ட சொன்னாங்க. இங்க அக்காகிட்ட சொன்னது நான். என்ன எண்ணெய்னு வெளங்கச் சொல்லாம, எந்தத் தட்டுன்னு சொல்லாம பஸ்ஸுக்கு ஓடினதும் நான். குடுத்தவங்க போகணும்னா குடுக்கச் சொன்னவளும் போகணும். நாங்க ரெண்டு பேரும் போறோம். திங்கக்கிழமையில இருந்து நீங்க லீவு போட்டுட்டு பிள்ளைய பாருங்க. ஆறு அவுன்ஸுக்கு ஆறு கரண்டி."

தர்சன் நிமிர்ந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். ஆறு கரண்டியைத் தவிர மற்ற எல்லாம் அவனுக்குப் புதிது.

வதனா மடித்து வைத்த சேலையை வெளியே எடுத்தாள். எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். "மட்டமா வழிச்சு" என்றாள், தம்பியைப் பார்க்காமல். "குவிக்கக் கூடாது."

"அந்த இடத்தை வேண்டாமெண்டு சொல்லட்டோ?" என்று தர்சன் மெதுவாகக் கேட்டான். வதனா பெட்டியை மூடியதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். போனைக் கையில் எடுத்தவன், எதற்கோ தயங்கி நின்றான்.

நிரஞ்சனிக்கு அப்போதுதான் உறைத்தது. "மத்தியானம் வெளிய போய் யாருக்குப் பேசினீங்க?"

"உம்மடை அண்ணிக்கு."

"என்ன சொன்னீங்க?"

அவன் போனைச் சட்டைப் பையில் போட்டான். காதுமடல் சிவந்தது.

"அவன் என்ன சொல்லியிருப்பான் எண்டு எனக்குத் தெரியும்" என்றாள் வதனா. "போன கிழமை அவ படியிறங்கினாப்போலை நான் சொன்ன அந்தத் தோட்டத்து வைத்தியக் கதையை, இவன் அவவின்ரை காதுக்கே சொல்லியிருக்கிறான்."

வதனா தன் போனை எடுத்தாள்.

"அவவின்ரை நம்பரைச் சொல்லும் நிரஞ்சனி. நான் கதைக்கிறன்."

நிரஞ்சனி சொன்னாள். ஐந்து கிழமையில் வதனா கலஹாவுக்கு எடுப்பது இதுதான் முதல் தடவை. மணி அடித்துக்கொண்டே போனது. இனி எடுக்கமாட்டாள் என்று நினைத்த நேரத்தில் மறுமுனையில் குரல் கேட்டது. அழுது அடைத்த குரல்.

"யாருங்க?"

"நான் வதனா. ஆரணன்ரை மாமி."

இரத்தினம்மா மூக்கை உறிஞ்சினாள். போனை வைத்துவிடவில்லை. வதனா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு வாயைத் திறந்தாள். கரவெட்டியில் ஐம்பது வருடம் தமிழ் பேசியவளுக்கு மன்னிப்புக் கேட்க ஒரு சொல் வரவில்லை.